மெக்சிகோவில் கான்கூன் பக்கம் கூட்டமில்லாத மாயா இடிபாடு எது?

நடைவண்டி:
அடுத்த மாதம் அம்மாவோடு கான்கூனில் மூன்று நாள், துலுமில் இரண்டு நாள். மாயா மக்களின் பழைய நகரமான சிச்சென் இட்சா கான்கூனிலிருந்து 200 கிலோமீட்டர், போக வரவே ஒரு நாள் போய்விடும், கூட்டமும் அதிகம் என்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி. நிழலில் நிதானமாகச் சுற்றிப் பார்க்கிற மாதிரி ஏதாவது இடம் இருக்கிறதா?

தென்னங்கீற்று:
முயில் என்கிற மாயா இடிபாட்டுக்குப் போங்கள். துலுமிலிருந்து தெற்கே 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், 307ஆம் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. துலும் இடிபாடு கடலோரத்து வெட்டவெளி, வெயில் மண்டையைப் பிளக்கும். முயிலில் காட்டு மரங்களுக்கு நடுவே நடக்கலாம். பெரிய பிரமிடு 17 மீட்டர் உயரம், யாரையும் ஏற விடுவதில்லை, அதனால் அம்மாவுக்கு எதுவும் விட்டுப்போகாது. ஆனால் பிரமிடை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், நிறையப் பேர் செய்கிற தவறு அதுதான். பின்னால் காட்டுக்குள் ஒரு பலகைப் பாதை ஏரி வரை போகிறது, அதற்குத் தனிக் கட்டணம். அந்த ஏரியிலிருந்து கால்வாய் வழியாகக் கடல் பக்கம் படகு விட்டு வியாபாரம் செய்திருக்கிறார்கள் மாயா மக்கள். கரையில் நின்று பார்த்தால்தான் இந்தக் காட்டுக்குள் எதற்கு ஒரு ஊர் என்று புரியும்.

மழைக்குருவி:
முயிலுக்கே என் ஓட்டும். ஏரி சியான் காஆன் இயற்கைக் காப்பகத்தைச் சேர்ந்தது, அந்தக் காப்பகம் 1987 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. இன்றைக்கும் உள்ளூர் மாயா குடும்பங்கள் அங்கே படகு ஓட்டுகிறார்கள், அவர்களிடமே பேசி ஏறுங்கள். பெசோ ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். கொசு மோசம், அம்மாவுக்கு முழுக்கைச் சட்டை நல்லது. வழியில் ஒரு மரக் கோபுரம் வரும், ஏணி செங்குத்து, அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

உப்புக்காற்று:
கான்கூனை விட்டு நகர முடியாத நாளில் எல் ரே இடிபாட்டைப் பாருங்கள், ஓட்டல்கள் வரிசையாக நிற்கிற அதே சாலையில்தான். உயரமான கட்டடம் எதுவும் இல்லை, கல்லுக்குக் கல் உடும்பு மாதிரி இகுவானாக்கள் படுத்திருக்கும். நிழல் குறைவு, காலையிலேயே போய்விடுங்கள்.

நடைவண்டி:
நன்றி, முயில்தான். கால்வாயில் மிதந்து போகலாமாமே, அம்மாவுக்கு நீச்சல் தெரியாது.

தென்னங்கீற்று:
உயிர்காப்பு உடை கொடுப்பார்கள், நீரோட்டமே மெல்ல இழுத்துக்கொண்டு போகும், நீந்த வேண்டாம். அப்படியும் பயமென்றால் அம்மா படகிலேயே இருக்க முடியுமா என்று ஏறும் முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அப்புறம், இறங்குகிற நாளில் சன்ஸ்கிரீன் பூச வேண்டாம், அந்தத் தண்ணீருக்குக் கெடுதல்.