பந்து உச்சியில் நிற்கிறதா இல்லையா: ஒரு டியூஷன் நோட்டீஸும் அதன் பின்னால் வந்த தகராறும்

சித்தூர்ப்புழை:
நம் பக்கத்து டியூஷன் சென்டர் ஒன்றின் நோட்டீஸ் இரண்டு நாளாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. "தெளிவாக ஒரு தடவை சொல்லிக்கொடுத்தால் கருத்து பதியும். பதியவில்லை என்றால் பிள்ளை கவனிக்கவில்லை." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. எந்தப் பிள்ளையும் வெறும் தலையோடு வகுப்புக்கு வருவதில்லை. பொருள் எப்படி விழும், எப்படி ஓடும், எப்போது நிற்கும் என்று தனக்கென ஒரு கணக்கு வைத்துக்கொண்டுதான் வருகிறது.

என்னிடம் பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பையன். பத்து வரை தமிழ் மீடியம், நல்ல மார்க். பந்தை வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் நேர் மேலே எறிந்தால் எவ்வளவு உயரம் போகும் என்று கேட்டேன். புவியீர்ப்பு முடுக்கம், அதாவது வினாடிக்கு வேகம் எவ்வளவு மாறுகிறது என்பது, 10 என்று எடுத்து, அரை நிமிஷத்திலேயே கணக்குப் போட்டு 20 மீட்டர் என்றான். வேகத்துக்கு வரைபடமும் போட்டான். 20, 10, 0, −10, −20, எங்கும் வளையாத ஒரே கோடு. சரி, உச்சியில் முடுக்கம் எவ்வளவு என்றேன். "ஜீரோ டீச்சர், அங்க நிக்குதில்ல?" என்றான். அவன் போட்ட கோட்டிலேயே விரல் வைத்து, இந்தச் சாய்வுதான் முடுக்கம், அது எங்கேயாவது மாறுகிறதா பார் என்றேன். கோட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், "இருந்தாலும் நிக்குதே" என்றான். இவனா கவனிக்காத பையன்?

வேலந்தாவளம்காரன்:
என்னைப் போல டியூஷன் எடுப்பவர்கள் மேல் டீச்சருக்கு எப்போதும் ஒரு கண். பையன் கணக்கைச் சரியாகப் போட்டான், மார்க் வாங்கினான். வேறென்ன வேண்டும்? அவன் சொன்னதில் தப்பும் இல்லை. பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. நிற்கிற பொருளுக்கு என்ன முடுக்கம்? நிற்கிறதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள்.

சித்தூர்ப்புழை:
வேகம் பூஜ்யம். முடுக்கம் பூஜ்யம் இல்லை. இரண்டும் பூஜ்யமாக இருந்தால் பந்து எறிந்த இடத்துக்கு மேலே அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும், கீழே வராது. உச்சிக்கு 0.1 வினாடி முன்னால் வேகம் மேல்நோக்கி 1. உச்சி தாண்டி 0.1 வினாடியில் கீழ்நோக்கி 1. 0.2 வினாடியில் 2 மாறியிருக்கிறது. வகுத்துப் பாருங்கள், அதே 10தான்.

வேலந்தாவளம்காரன்:
முன்னாலும் பின்னாலும் எவன் கேட்டான்? உச்சியில் நிற்கிறதா இல்லையா?

எல்லைச்சாவடி:
இதெல்லாம் கேரளா சிலபஸ் கோளாறு. எல்லாரையும் பாஸ் போட்டுப் போட்டுப் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டார்கள். பொள்ளாச்சியில் என் அக்கா மகன் இப்படி உளற மாட்டான்.

சித்தூர்ப்புழை:
பிளஸ் ஒன் இயற்பியலுக்கு இங்கே கேரளாவில் மத்திய அரசின் என்சிஇஆர்டி புத்தகம்தான். அதையாவது தெரிந்துகொண்டு பேசுங்கள். இது எல்லையின் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்கிற விஷயமே இல்லை. 1982இல் அமெரிக்காவில் ஜான் கிளெமென்ட் என்பவர் பொறியியல் மாணவர்களிடம், மேலே சுண்டிய காசின் மேல் என்னென்ன விசை வேலை செய்கிறது என்று அம்புக்குறி போடச் சொன்னார். பெரும்பாலானோர் மேல்நோக்கி ஒரு அம்பு போட்டார்கள். கையை விட்டுப் போன காசை மேலே தள்ள அங்கே ஒன்றுமே இல்லை. பாடம் முடித்த பிறகும் பல பேர் அதையேதான் போட்டார்கள். பழைய பெரிய தத்துவ அறிஞர்களே அப்படித்தான் நினைத்தார்கள். ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் பிலோபோனஸ், 14ஆம் நூற்றாண்டில் பாரிசில் பூரிடான், இரண்டு பேருமே எறிகிற கை பொருளுக்குள் ஒரு உந்துதலை வைத்து அனுப்புகிறது என்றார்கள். அவர்களுமா கவனிக்காதவர்கள்?

மூலத்தரை:
டீச்சர், நான் எஞ்சினியர். வரலாறு வேண்டாம், சோதனை போதும். செல்போனில் முடுக்கம் அளக்கிற சென்சார் ஆப் போட்டு, மெத்தைக்கு மேல் தூக்கிப் போட்டேன். உச்சியில் பூஜ்யம்தான் காட்டியது. இனி என்ன பேச்சு?

வேலந்தாவளம்காரன்:
கேட்டீர்களா? எஞ்சினியரே சொல்லிவிட்டார்.

சித்தூர்ப்புழை:
உச்சியில் மட்டுமா காட்டியது? பதிவான கோட்டை முழுசாகப் பாருங்கள். கையை விட்ட நொடியிலிருந்து மெத்தையில் விழுகிற வரை பூஜ்யத்தை ஒட்டியேதான் இருக்கும். அதே போனை மேஜை மேல் சும்மா வையுங்கள், 9.8 காட்டும். அப்படியானால் மேஜை மேல் கிடக்கிற போன் வேகமெடுத்து ஓடுகிறதா? தன்னைத் தாங்குகிற பொருள் எவ்வளவு தள்ளுகிறது என்பதைத்தான் அந்தச் சென்சார் உணர்கிறது. காற்றில் இருக்கும்போது தாங்க ஒன்றும் இல்லை, அதனால் பூஜ்யம். பட்டம் வாங்கி வேலைக்குப் போனவரே கருவி காட்டுகிற எண்ணைத் தன் பழைய கணக்குக்கு ஏற்ற மாதிரி படிக்கிறார் என்றால், பதினாறு வயசுப் பையனை எப்படிக் குறை சொல்வது?

மூலத்தரை:
தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். நான் பார்த்தது பூஜ்யம்.

கோபாலபுரம் அக்கா:
எனக்குப் பந்து விவகாரம் தெரியாதுங்க. என் மகள் ஏழாவது. கடையில் கால் கிலோவுக்கும் அரை கிலோவுக்கும் நான் கேட்கும் முன்னாலேயே காசு சொல்லிவிடுவாள். நோட்டில் 0.25, 0.5 இரண்டில் எது பெரிது என்றால் 0.25 என்று எழுதுகிறாள். ஏன் என்றால், 5ஐ விட 25 பெரிதாம். திட்டிப் பார்த்தேன், பத்துத் தடவை எழுத வைத்தேன். மறு வாரம் மறுபடி அதே.

சித்தூர்ப்புழை:
திட்டாதீர்கள் அக்கா. உங்கள் மகளுக்கு அரையும் காலும் நன்றாகவே தெரியும். அதற்கும் நோட்டில் இருக்கிற புள்ளிக்கும் சம்பந்தம் உண்டு என்பதைத்தான் யாரும் அவளுக்குக் காட்டவில்லை. முழு எண்களில் பழகிய வழக்கத்தைப் புள்ளிக்குப் பின்னாலும் கொண்டுபோகிறாள். உலகம் முழுக்கப் பிள்ளைகள் செய்வதுதான். தராசில் 250 கிராமும் 500 கிராமும் வைத்து, பக்கத்திலேயே 0.250, 0.500 என்று எழுதச் சொல்லுங்கள்.

பிரேசிலில் ரெசிஃபே ஊரில் தெருவில் வியாபாரம் செய்கிற பிள்ளைகளைப் பற்றி 1985இல் ஒரு ஆய்வு வந்தது. 12 வயசுப் பையன், தேங்காய் ஒன்று 35 குருசேரோ, பத்து எவ்வளவு என்று கேட்டதற்கு மூன்று 105, இன்னும் மூன்று 210, அப்புறம் 315, 350 என்று சொல்லிவிட்டான். பத்தால் பெருக்க ஒரு பூஜ்யம் போதும் என்பது அவன் வழி இல்லை. அப்படிக் கடையில் சரியாகச் சொன்ன பிள்ளைகள், அதே மாதிரிக் கணக்கைத் தாளில் கொடுத்தால் நிறைய தப்பு விட்டார்கள். தேங்காய் நம் ஊரிலும் இருக்கிறது, அப்படிப்பட்ட பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களைத்தான் அந்த நோட்டீஸ் கவனிக்காதவர்கள் என்கிறது.

வேலந்தாவளம்காரன்:
அலெக்சாண்டிரியா, பாரிஸ், இப்போது பிரேசில். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. பந்து நிற்கிறதா இல்லையா?

எல்லைச்சாவடி:
வேலந்தாவளம் மாஷே (வாத்தியாரே), விடுங்கள். போன மாசம், கொதிக்கிற தண்ணீரில் தீயைக் கூட்டினாலும் சூடு கூடாது என்று அடித்துப் பேசியவர் இந்த டீச்சர்தானே? அன்றைக்கு என்னை எல்லார் முன்னாலும் மட்டம் தட்டியதை நான் மறக்கவில்லை.

சித்தூர்ப்புழை:
இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன். திறந்த பாத்திரத்தில் கொதி வந்த பிறகு தீயைக் கூட்டினால் தண்ணீர் சீக்கிரம் வற்றும், 100 டிகிரி தாண்டாது. தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள் என்று அன்றைக்கே சொன்னேன். வைத்தீர்களா?

எல்லைச்சாவடி:
குக்கரில் 120 வரை போகுமே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

சித்தூர்ப்புழை:
குக்கர் மூடியிருக்கிறது, உள்ளே அழுத்தம் கூடுகிறது, கொதிநிலையும் கூடுகிறது. நான் திறந்த பாத்திரம் என்று எழுதியிருக்கிறேன்.

எல்லைச்சாவடி:
போன மாசம் "திறந்த" என்ற சொல்லே கிடையாது. இப்போது சேர்த்துக்கொண்டீர்கள்.

கோபாலபுரம் அக்கா:
தராசு விஷயம் இன்னும் கொஞ்சம் சொல்லுங்க டீச்சர். குக்கர் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

மூலத்தரை:
டிஜிட்டல் தராசா, பழைய தராசா? டிஜிட்டல் என்றால் பிள்ளை எண்ணை மட்டும்தான் பார்க்கும், எடை கைக்குத் தெரியாது.

சித்தூர்ப்புழை:
டிஜிட்டலே நல்லது அக்கா. 0.250க்கும் 0.500க்கும் நடுவில் அரிசியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடச் சொல்லுங்கள். எண் 0.300, 0.400 என்று ஏறுவதை அவளே பார்க்கட்டும். அதற்குள் நீங்கள் ஒன்றும் சொல்லாதீர்கள். மறுநாள் 0.25ஐயும் 0.3ஐயும் கேளுங்கள். ஒரே நாளில் மாறாது, இரண்டு கணக்கும் கொஞ்ச நாள் சேர்ந்தே இருக்கும்.

மாஷுக்கு: உங்கள் சென்டரில் நல்ல மார்க் வாங்குகிற பிள்ளைகளிடம் நீங்களே கேளுங்கள். எண் வேண்டாம், சமன்பாடு வேண்டாம். பந்து மேலே போகும்போதும், உச்சியிலும், கீழே வரும்போதும் விசை எந்தப் பக்கம் என்று மூன்று அம்பு போடச் சொல்லுங்கள். அவ்வளவுதான்.

வேலந்தாவளம்காரன்:
எங்கள் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை டெஸ்ட். அதற்கு நடுவில் அம்பு போட்டு விளையாட நேரம் இல்லை. அந்த மாதிரிக் கேள்வி பரீட்சையில் வந்து நான் பார்த்ததும் இல்லை.

சித்தூர்ப்புழை:
பரீட்சையில் வராததால்தான் உங்களுக்கு அது தெரியாமலே இருக்கிறது.

வேலந்தாவளம்காரன்:
நிற்கிறதா இல்லையா?