பேருந்து வீட்டில் வைப்பர் தடதடக்கிறது, நடுவில் துடைக்கவே இல்லை (அவசரம்)

நாலுசக்கரவீடு:
வணக்கம். பழைய பேருந்து ஒன்றை வாங்கி வீடாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் முடிந்தது. வைப்பரை மட்டும் கடைசி வரை கண்டுகொள்ளவில்லை. நேற்று மழையில் முதல் முறையாகப் போட்டுப் பார்த்தேன். தடதடவென்று துள்ளுகிறது. டிரைவர் பக்கம் நடுவில் ஒரு பட்டை அப்படியே ஈரமாக நிற்கிறது, அதுவும் சரியாக என் கண்ணுக்கு நேரே. பிளேடு புதுசுதான், விலை கூடியதுதான். சனிக்கிழமை கிளம்ப வேண்டும். எந்த பிளேடு வாங்கலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

மழைக்குருவி:
நீளம் எவ்வளவு? கண்ணாடி தட்டையா, வளைவா? பிளேடைத் தாங்கும் ஆர்ம் ஒற்றைக் கம்பியா, இரட்டைக் கம்பியா? பேருந்து என்று மட்டும் சொன்னால் எப்படி அண்ணே.

கண்ணாடிப்பித்தன்:
பிளேடைக் குறை சொல்லாதீர்கள். கண்ணாடியைப் பாருங்கள். வீடாக மாற்றும்போது வண்டிக்கு பெயின்ட் அடித்திருப்பீர்கள், பாலிஷ் போட்டிருப்பீர்கள், ஜன்னல் ஓரமெல்லாம் சிலிக்கான் வைத்திருப்பீர்கள். அதில் கொஞ்சம் கண்ணாடியில் படிந்தாலே போதும், எந்த ரப்பரும் துள்ளும். ஒரு குவளை தண்ணீரை மேலிருந்து ஊற்றுங்கள். ஒரே தாளாக வழிந்தால் கண்ணாடி சுத்தம். முத்து முத்தாகவோ திட்டுத் திட்டாகவோ நின்றால் மேலே ஏதோ படலம் இருக்கிறது. சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்த பிறகு ஐசோபுரப்பைல் ஆல்கஹாலால் இரண்டு தடவை துடையுங்கள். துணியைத் திருப்பித் திருப்பிப் பிடித்துத் துடைக்க வேண்டும், இல்லையென்றால் எடுத்த அழுக்கையே திரும்பப் பூசுவீர்கள்.

வயதான_டீசல்:
மண்ணெண்ணெயில் துணியை நனைத்து ரப்பரை ஒரு இழு இழுங்கள். பளபளவென்று ஆகிவிடும். முப்பது வருஷம் ஓட்டியவன் சொல்கிறேன்.

ஸ்பானர்சாமி:
இதே கேள்விக்கு எத்தனை தடவைதான் பதில் எழுதுவது? தேடிப் பார்க்கும் பழக்கமே போய்விட்டது. கேட்பவர் "எந்த பிளேடு" என்கிறார். பிளேடு ஏற்கெனவே புதுசு என்றும் அவரே சொல்கிறார். அப்படியானால் கோளாறு பிளேடு இல்லை என்பது அவருக்கே தோன்ற வேண்டாமா? தம்பி, வைப்பர் ஒரு பக்கம் போகும்போது துள்ளுகிறதா, திரும்பி வரும்போது துள்ளுகிறதா, இரண்டுக்குமா? முதலில் அதைச் சொல்லுங்கள். பிறகு பேசலாம்.

நாலுசக்கரவீடு:
தட்டைக் கண்ணாடி. கொக்கி ஆர்ம். போகும்போதுதான் துள்ளுகிறது. பிளேடு மேலே இரும்புச் சட்டகம் இல்லாத, அந்த எலும்பில்லாத நவீன வகை.

மழைக்குருவி:
நீளம்???

ஸ்பிரிங்மணி:
நடுவில் துடைக்கவில்லை என்றால் அது ஸ்பிரிங்தான், வேறு யோசிக்கவே வேண்டாம். பழைய வண்டியில் ஆர்ம் ஸ்பிரிங் தளர்ந்து போயிருக்கும். சின்ன கொக்கித் தராசு ஒன்றை எடுத்து, பிளேடு ஆர்மோடு சேரும் இடத்தில் மாட்டி, கண்ணாடிக்கு நேர் செங்குத்தாக இழுங்கள். ரப்பர் கண்ணாடியை விட்டு எழும் அந்த நொடியில் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். பிளேடு நீளத்தில் ஒரு செ.மீ.க்கு சுமார் 15 கிராம் என்பது பொதுவான கணக்கு. 80 செ.மீ. பிளேடு என்றால் 1.2 கிலோவை ஒட்டி வர வேண்டும். அரைக் கிலோ காட்டினால் ஸ்பிரிங்கையோ ஆர்மையோ மாற்றுங்கள்.

பட்டறைப்பெண்:
எலும்பில்லாத வகை என்றதுமே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. அந்த பிளேடைக் கழற்றித் தரையில் வைத்துப் பாருங்கள், வில் மாதிரி இரண்டு முனையும் கீழே, நடு மேலே நிற்கும். காரின் வளைந்த கண்ணாடியை நினைத்துக் கொடுத்த வளைவு அது. வளைந்த கண்ணாடியில் நன்றாக உட்காரும். தட்டைக் கண்ணாடியில் முனைகள் முதலில் தொடும். அந்த வில்லை முழுதாக நிமிர்த்தும் அளவுக்கு ஆர்ம் அழுத்தாவிட்டால் நடுப்பகுதி கண்ணாடியைத் தொடாது. அதுதான் உங்கள் ஈரப்பட்டை. ஸ்பிரிங்மணி சொல்வதும் இதோடு ஒத்துப்போகிறது, ஆனால் ஸ்பிரிங் மட்டும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

தட்டைக் கண்ணாடிக்குப் பழைய சட்டக வகையே நல்லது. நடுவில் வரும் அழுத்தத்தைக் கிளைக் கிளையாகப் பிரித்து ஆறு, எட்டு இடத்தில் ரப்பருக்குக் கொடுக்கும். பார்க்க அழகில்லை, அவ்வளவுதான். கார் பிளேடுகள் பெரும்பாலும் 28 அங்குலத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் கனரக வண்டிக்கான சட்டக பிளேடு என்று கேளுங்கள். கொக்கியின் அகலத்தையும் தடிமனையும் அளந்துகொண்டு போங்கள். 9×4 மி.மீ., 12×4 மி.மீ. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும், மாட்டினால் ஒன்று ஆடும்.

நாலுசக்கரவீடு:
இதைவிட நீளமானதாகப் போட்டால் அதிக இடம் துடைக்குமா?

பட்டறைப்பெண்:
வேண்டாம். கண்ணாடியைத் தாண்டிப் போய் ஓரத்து ரப்பரில் இடிக்கும், அல்லது இரண்டு பிளேடும் ஒன்றோடொன்று மோதும். அதே ஸ்பிரிங்தான் என்பதால் ஒவ்வொரு செ.மீ.க்கும் கிடைக்கும் அழுத்தமும் குறையும். மோட்டாருக்கும் பாரம். கழற்றிய பழைய பிளேடு இருந்தால் அதன் ரப்பரை நுனிக்கு நுனி அளந்து அதே நீளம் வாங்குங்கள்.

வயதான_டீசல்:
நான் சொன்னதை யாரும் கண்டுகொள்ளவில்லை. மண்ணெண்ணெய் போட்டுப் பார்த்தாரா?

கண்ணாடிப்பித்தன்:
ஐயா, தயவுசெய்து வேண்டாம். இயற்கை ரப்பர் பெட்ரோலிய எண்ணெயில் ஊதும். முதல் நாள் மெத்தென்று நன்றாகத் துடைப்பது போலிருக்கும், அப்புறம் நுனி அலை அலையாக நெளியும். துடைக்க வேண்டுமென்றால் தண்ணீரும் சோப்பும் போதும். இன்னொன்று: புது ரப்பரின் நுனியில் கறுப்பாகக் கையில் ஒட்டுவது பெரும்பாலும் கிராஃபைட் பூச்சு. அழுக்கு என்று நினைத்துத் தேய்த்து எடுத்தால் வழுவழுப்பையே எடுத்துவிடுகிறீர்கள்.

வயதான_டீசல்:
நாங்கள் ஓட்டிய காலத்தில் கிராஃபைட்டும் கிடையாது, ஆல்கஹாலும் கிடையாது. மழை வந்தால் புகையிலையைக் கண்ணாடியில் தேய்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம்.

ஸ்பானர்சாமி:
போய்க்கொண்டே இருந்தீர்கள், சரி. எதிரே வந்தவர்களைக் கேட்க வேண்டும்.

வயதான_டீசல்:
வைப்பரே இல்லாமல் ஓட்டியவர்களும் இருந்தார்கள் தம்பி.

ஏடுபுரட்டி:
அதற்காகத்தானே வைப்பரே வந்தது. 1903இல் அமெரிக்காவில் மேரி ஆண்டர்சன் என்ற பெண் காப்புரிமை வாங்கினார். டிராம் ஓட்டுநர் பனி மறைத்த கண்ணாடியோடு திண்டாடியதைப் பார்த்துத்தான் அந்த யோசனை. உள்ளே ஒரு கைப்பிடி, அதை ஆட்டினால் வெளியே ரப்பர் வைத்த கை துடைக்கும். ஆக, முதல் வைப்பரை நினைத்ததே பெரிய வண்டிக்குத்தான், காருக்கு இல்லை.

ஸ்பிரிங்மணி:
அதிலும் அழுத்திப் பிடிக்க ஒரு ஏற்பாடு இருந்திருக்குமே. சொன்னேன் அல்லவா, எல்லாமே அழுத்தம்தான்.

மழைக்குருவி:
அடடா, எல்லாரும் வரலாற்றுக்குப் போய்விட்டீர்கள். அவர் சனிக்கிழமை கிளம்ப வேண்டும்.

ஸ்பானர்சாமி:
சரி, நானே சொல்கிறேன். ஒரு பக்கம் போகும்போது மட்டும் துள்ளினால் ஆர்ம் முறுக்கியிருக்கிறது. ரப்பரின் உதடு, அதாவது கண்ணாடியைத் தொடும் மெல்லிய ஓரம், ஒவ்வொரு முறை திசை மாறும்போதும் புரண்டு, இழுபடும் பக்கமாகச் சாய வேண்டும். ஆர்ம் கோணலாக இருந்தால் ஒரு திசையில் இழுபடும், மறு திசையில் தள்ளப்படும். தள்ளப்படும்போது குத்திக் குத்தி நிற்கும். சாக்பீஸைக் கரும்பலகையில் நேராகப் பிடித்துத் தள்ளிப் பாருங்கள், அதே கதைதான்.

வைப்பர் கண்ணாடியின் நடுவுக்கு வரும்போது மின்சாரத்தை நிறுத்துங்கள். கண்ணாடிமேல் மடித்த துண்டு ஒன்றைப் போட்டுவிட்டு பிளேடைக் கழற்றுங்கள். துண்டு முக்கியம். ஆர்ம் கை தவறி வெறும் இரும்பாக விழுந்தால் கண்ணாடி விரிசல்தான், பேருந்துக் கண்ணாடியின் விலை உங்களுக்கே தெரியும். இப்போது ஆர்ம் நுனியின் தட்டைப் பக்கத்தைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். கண்ணாடிக்கு இணையாக இருக்க வேண்டும். ஒரு ஓரம் தூக்கியிருந்தால் இரண்டு ஸ்பானர் போட்டு, ஒன்றால் பிடித்து மற்றொன்றால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். ஒரேயடியாகத் திருப்பிவிட்டு இங்கே வந்து அழாதீர்கள். இரட்டைக் கம்பி ஆர்ம் என்றால் துணைக் கம்பியைக் கழற்றிவிட்டுச் செய்ய வேண்டும்.

கண்ணாடிப்பித்தன்:
ஆர்மை முறுக்குவதற்கு முன்னால் கண்ணாடியைத் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பத்து நிமிடம்தான்.

ஸ்பானர்சாமி:
அழுக்கு என்றால் இரண்டு பக்கமும் துள்ளியிருக்கும்.

கண்ணாடிப்பித்தன்:
எப்போதும் அப்படி இல்லை.

ஸ்பானர்சாமி:
என் அனுபவத்தில் அப்படித்தான்.

பட்டறைப்பெண்:
இரண்டையும் செய்யலாம், ஒன்றன்பின் ஒன்றாக. ஒவ்வொன்றுக்கும் பிறகு தண்ணீர் அடித்து ஓட்டிப் பாருங்கள், எது காரணம் என்று தெரியும். இன்னொரு விஷயம். வீட்டு வண்டி மாதக்கணக்கில் நிற்கும். ஒரே நிலையில் அழுந்திக் கிடந்தால் ரப்பர் உதடு ஒரு பக்கமாகவே படிந்துவிடும், அடுத்த மழையில் புரளாது. நிறுத்தி வைக்கும்போது ஆர்முக்கடியில் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டைச் செருகி பிளேடைக் கண்ணாடியிலிருந்து தூக்கி வையுங்கள். நான் பிளேடைக் கழற்றி உள்ளேயே வைத்துவிடுவேன், வெயிலிலிருந்தும் தப்பும். உலர்ந்த கண்ணாடியில் தூசியோடு ஒருபோதும் வைப்பரைப் போடாதீர்கள்.

நாலுசக்கரவீடு:
சரியாகிவிட்டது. எல்லோருக்கும் நன்றி. கிளம்பிக்கொண்டிருக்கிறோம்.

ஸ்பானர்சாமி:
ஆர்ம்தானே?

ஸ்பிரிங்மணி:
ஸ்பிரிங்காகத்தான் இருக்கும்.

கண்ணாடிப்பித்தன்:
கண்ணாடியைத் துடைத்தீர்களா இல்லையா, அதை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.

நாலுசக்கரவீடு:
கண்ணாடியைக் கழுவினேன், ஆர்மையும் திருப்பினேன், சட்டக பிளேடும் போட்டேன். மூன்றும் ஒரே நாளில். எது என்று தெரியவில்லை.

பட்டறைப்பெண்:
😐

வயதான_டீசல்:
மண்ணெண்ணெய்?

புதுவண்டி (ஐந்து மாதம் கழித்து):
எனக்கும் இதே பிரச்சினை, எலும்பில்லாத பிளேடு, தட்டைக் கண்ணாடி. அண்ணே, கடைசியில் எத்தனை அங்குலம் வாங்கினீர்கள்?

மழைக்குருவி:
அதை நான் முதல் நாளே கேட்டேன்.