காவல் நிலைய ஏலத்தில் எடுத்த சைக்கிள்

தண்டையார்பேட்டையிலிருந்து:

ஐந்நூறு ரூபாய்க்கு ஓடுகிற சைக்கிள் ஒன்று கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் 2023-இல் எங்கள் பகுதிக் காவல் நிலைய ஏலத்திற்குச் சென்றேன். சைக்கிளைத் தனித்தனியாக விடமாட்டார்கள் என்பதே அங்கே போன பிறகுதான் தெரிந்தது. பதினேழு சைக்கிள்களைச் சுவரோரம் சாய்த்துச் சங்கிலியால் கட்டி, ஒரே லாட்டாக வைத்திருந்தார்கள். முன்பணம் கட்டி டோக்கன் வாங்கியவர்களில் என்னைத் தவிர எல்லோரும் காயலான் கடைக்காரர்கள். வண்டி ஓடுமா என்பது அவர்களுக்குப் பொருட்டில்லை. இரும்பு எத்தனை கிலோ தேறும் என்பதைக் கண்ணாலேயே எடைபோட்டுக் கேட்கிறார்கள். இரண்டாவது கேட்பிலேயே நான் ஒதுங்கிக்கொண்டேன்.

உரியவர் யாரென்று தெரியாத பொருளுக்கு நீதித்துறை நடுவர் பிரகடனம் வெளியிட்டால், உரிமை கோருபவர் ஆறு மாதத்திற்குள் வர வேண்டும் என்று அப்போதிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 457-ஆம் பிரிவு சொன்னது; 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் அதுவே 503-ஆம் பிரிவு. அந்த ஆறு மாதமும், ஏலத் தேதி குறிக்கும்வரை கழியும் காலமும் சேர்ந்தால், ஓர் ஐப்பசி அடைமழையாவது வண்டியின் மேல் கொட்டித் தீர்த்திருக்கும். போதாக்குறைக்குக் காசிமேட்டுப் பக்கமிருந்து வரும் உப்புக் காற்று வேறு. ரிம்மின் பளபளப்பு உரிந்து, காற்றிறங்கிய டயர்கள் மடிப்போடு வெடித்துக் கிடந்தன.

லாட்டை எடுத்தவரிடமே வாசலில் பேரம் பேசி, 900 ரூபாய்க்கு ஒரு பழைய ஹெர்குலஸை வாங்கினேன். ஃபிரேமில் விரிசல் இல்லை, ஃபோர்க் வளையவில்லை. நான் பார்த்தது அவ்வளவுதான். டயர், டியூப், செயின், பெடல் மாற்றி, வீல் கோட்டம் எடுத்து, ஓவராயில் செய்து முடித்தபோது மேலும் 2,300 ரூபாய் ஆகியிருந்தது. அந்த விலைக்குக் கடையிலேயே நல்ல பழைய வண்டி வாங்கியிருக்கலாம் என்று மெக்கானிக் சொன்னார். அவர் சொன்னது சரிதான்.

நான்கு மாதம் கழித்து, டீக்கடை வாசலில் ஒரு பெரியவர் என் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கேரியரின் இரு பக்கமும் குடம் மாட்டுவதற்காகப் பற்றவைத்த கொக்கிகள் இருந்தன. இடப்பக்கத்துக் கொக்கி சற்றுத் தாழ்வாக இருக்கும். அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த வண்டி ஏது?" என்றார். லாரித் தண்ணீர் பிடிப்பதற்காக அவரே வெல்டிங் கடையில் போட்ட கொக்கிகளாம். ஏல ரசீதின் நகலைக் காட்டினேன். அதில் காயலான் கடைக்காரர் பெயரும் 'சைக்கிள் – 17' என்ற வரியும் மட்டுமே இருந்தன. என் கையில் இருப்பது அந்தப் பதினேழில் ஒன்றுதான் என்று நிரூபிக்க எந்த வழியும் இல்லை. அவர் புகாரே கொடுக்கவில்லை. "சைக்கிளுக்குப் போய் யாரு ஸ்டேஷன் ஏறுவாங்க?" என்றார். அவர் வீட்டிலிருந்து பத்து நிமிட நடைத் தொலைவில்தான் வண்டி அத்தனை நாளும் கிடந்திருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன், மறுத்துவிட்டார். கொக்கிகளை மட்டும் அறுத்துத் தர முடியுமா என்று கேட்டார். மறுநாளே அறுத்துக் கொடுத்தேன்.

வியாசர்பாடியிலிருந்து:

ஐயா, நானும் இப்படி ஏலத்தில் போன சைக்கிள் ஒன்றை எடுத்தேன். உங்களுக்கு நேர்ந்ததைக் கேள்விப்பட்டிருந்ததால்தான் நான் முன்கூட்டியே எச்சரிக்கையாக இருந்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் காயலான் கடைக்காரர்தான் எனக்கு வழி காட்டினார். பெடல் அச்சு நுழையும் குழாயின் அடிப்பக்கத்தைக் கவிழ்த்து, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துருவைத் துடைத்தால் ஃபிரேம் நம்பர் தெரியும். சில வண்டிகளில் அது சீட்டுக்குக் கீழே இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு போய், நிலைய ரைட்டரிடம் ரசீதின் பின்புறம் எழுதி முத்திரை வாங்கித் தந்தார். நான் எடுத்தது பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசு கொடுக்கும் சைக்கிள் என்பதால், பார்ப்பவர்கள் எல்லோருக்கும் அது யாரோ ஒரு பிள்ளையின் வண்டி என்று தெரிந்துவிடும். பேசின் பாலத்தருகே இரவுச் சோதனையில் இரண்டு முறை நிறுத்தினார்கள். இரண்டு முறையும் அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் விட்டார்கள்.

தண்டையார்பேட்டையிலிருந்து:

பெரியவர் வண்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். நம்பர் இருக்கிறது. ரசீதில் எழுதித் தரக் கேட்டால், அந்த ரைட்டர் மாற்றலாகிப் போய்விட்டாராம்.