பெரியம்மாவின் ஜப்பான் பயணம்: சுங்கை சிப்புட் (மலேசியா) குடும்பக் குழு

பெரியம்மா: பெட்டி கட்டத் தொடங்கிவிட்டேன். சின்ன ரைஸ் குக்கர், அரிசி, ஊறுகாய், பருப்புப் பொடி எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. அங்கே சாப்பாட்டு விலையை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

செல்வம் மாமா: நல்லதுதான் அக்கா. நம் இரவுச் சந்தை மாதிரி 10 ரிங்கிட்டில் வயிறு நிறையுமா அங்கே?

சரண்யா (ஒசாகா, ஜப்பான்): பெரியம்மா, குக்கர் வேண்டவே வேண்டாம். இங்கே மின்சாரம் 100 வோல்ட், நம் ஊரில் 240. அந்தக் குக்கரில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குச் சூடுதான் வரும். அரிசி ஊறுமே தவிர வேகாது. பல ஹோட்டல்களில் அறையில் சமைக்கவும் விடமாட்டார்கள்.

பெரியம்மா: சரி, ரொட்டியும் தேநீருமாகச் சமாளித்துக்கொள்கிறேன்.

சரண்யா: அதை மட்டும் செய்யாதீர்கள். நாள் முழுக்கக் கோயில் கோயிலாக நடக்கப் போகிறீர்கள், மாத்திரை வேறு போடுகிறீர்கள். வயிற்றில் சோறு இருக்க வேண்டும்.

சரண்யா: பணத்தை மதியச் சாப்பாட்டில் போடுங்கள். இரவில் விலை கூடிய கடைகூட மதியத்தில் சோறு, சூப், மீனோ கோழியோ சேர்த்து 1,000 யென் அளவில் ஒரு தட்டு தரும். 100 யென் 3 ரிங்கிட்டுக்குள்தான். குடிக்கத் தண்ணீர் இலவசம், டிப்ஸ் வைக்கும் வழக்கமே இல்லை. இரவுக்குச் சூப்பர்மார்க்கெட். கடை மூடும் நேரம் நெருங்கினால் பெந்தோ என்ற பெட்டிச் சாப்பாடு, சூஷி, பொரித்த வகைகளின் மேல் தள்ளுபடி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். பாதி விலை வரை இறங்கும். எல்லாம் அன்று காலையோ மதியமோ செய்தவை. வாங்கிக்கொண்டு போனால் வரி 8 விழுக்காடு, உட்கார்ந்து சாப்பிட்டால் 10. 2019 அக்டோபரிலிருந்து இப்படித்தான்.

செல்வம் மாமா: அக்கா மாட்டிறைச்சி தொடமாட்டாரே. வெள்ளிக்கிழமை சைவம் வேறு.

சரண்யா: மலிவான கிண்ணச் சோற்றுக் கடைகளில் முதலில் இருப்பது மாடுதான், மாமா. கோழியும் முட்டையும் சேர்த்த ஓயாகோடோன் கேட்டால் போதும். வெள்ளிக்கிழமைதான் எனக்குக் கவலை. வெறும் காய்கறி மிதக்கும் சூப்பில்கூடக் காய்ந்த மீனில் எடுத்த தாஷி என்ற சாறு கலந்திருக்கும். உடோன் என்ற தடித்த நூடுல்ஸ், மிசோ என்ற சோயா விழுதில் செய்த சூப் எதையும் நம்ப முடியாது. அன்று மதியம் இந்திய, நேப்பாளக் கடைக்குப் போங்கள், ஒசாகாவில் நிறைய இருக்கின்றன. பருப்புக் கறியும் நான் ரொட்டியும் தருவார்கள். பல கடைகளில் ரொட்டி மறுபடி கேட்டாலும் காசில்லை. இரவுக்குச் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு, வாழைப்பழம்.

ரேணுகா: அத்தை, கோழிச் சம்பல் புட்டி ஒன்றும் பெட்டியில் பார்த்தேனே?

சரண்யா: ஐயோ, இறைச்சி கலந்த எதுவும் வேண்டாம். விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள், சட்டப்படி தண்டனையும் உண்டு. பச்சைக் கறிவேப்பிலை, பழம் எதுவும் வேண்டாம். பருப்புப் பொடி இருக்கட்டும்.

பெரியம்மா: சரிம்மா. உன் வீட்டுப் பக்கத்துச் சூப்பர்மார்க்கெட் எத்தனை மணிக்கு மூடும்?

சரண்யா: 9 மணிக்கு. 8 மணிக்கெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். முதல் நாள் நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.