பழுபாகலில் பிஞ்சு நிற்கவில்லை: மகரந்தம் சேர்க்க வழி வேண்டும்

போடிநாயக்கனூர் அருகே எங்கள் தோட்டத்து வேலியில், கிழங்கு நட்டு வளர்த்த பழுபாகல் (பாகல் இனத்துக் காட்டுக் காய்கறி) கொடிகள் ஜூன் மழைக்குப் பின் செழித்துப் படர்ந்து நிறையப் பூத்தும், ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. பூவின் அடியில் மென்முள் போர்த்த பிஞ்சு, நிலக்கடலைப் பருப்பளவிலேயே மஞ்சளித்து உதிர்ந்துவிடுகிறது. ஆணும் பெண்ணும் தனித்தனிக் கொடியாக வளரும் இந்த இனத்தில், எங்களிடம் இருப்பவை அனைத்தும் பெண்கொடிகள்.

மண்புழு உரமும் பஞ்சகவ்யமும் கொடுத்தாயிற்று. உதிர்ந்த பிஞ்சுகளைப் பிளந்து பார்த்ததில் புழுவும் இல்லை. மலையடிவாரத்தில் ஆண்கொடி உண்டு. ஆனால் அதன் பூ அந்தி சாய்ந்த பிறகே விரிகிறது, அந்நேரத்தில் அங்கே போய்வர இயலாது. காலையில் வாடிய பூவைப் பறித்து வந்து தடவியும் பயனில்லை. காட்டுக் கிழங்குகளைத் தோண்டி அழிக்காமல் தோட்டத்திலேயே இதைக் காய்க்க வைக்க வேண்டும் என்பது என் உறுதியான விருப்பம்.

அன்று மாலை விரியவிருக்கும் ஆண்மொட்டைப் பகலிலேயே காம்புடன் பறித்து நீரில் வைத்தால், அது இரவில் விரிந்து பயன்படக்கூடிய மகரந்தம் தருமா?