வாசிகசாலைக் கல்: காசு அனுப்ப முதல்

அனுப்புநர்: கீழ்த்தெருச் சித்தப்பா, ஹரோ

அன்பின் ஊரவர்க்கு,

சின்ன மச்சாள் ஊரில் எடுத்து அனுப்பிய படங்களைப் பார்த்திருப்பீர்கள். வாசிகசாலை முன்சுவரில் இருந்த பெரியவளவுப் பெடியனின் நினைவுக் கல், இப்போது பின்பக்கம் கக்கூஸ் சுவரோடு சாத்திக் கிடக்கிறது. மேல் மூலை வெடித்திருக்கிறது. மலாயாவுக்குப் போய்த் தொண்டர் படையில் சேர்ந்து, சிங்கப்பூர் விழுந்தபோது இருபத்திரண்டு வயதில் செத்த பிள்ளை. உடல் வரவில்லை, கீரிமலையில் கரைக்கச் சாம்பலும் வரவில்லை. ஊரில் அவனுக்கு மிஞ்சியிருப்பது இந்தக் கல் மட்டும்தான்.

கொமிற்றி அனுப்பிய புதுக்கல் வரைவும் வந்தது. கறுப்புக் கருங்கல், லேசரில் செதுக்கிய முகம், கீழே 1943. பழைய கல்லை என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை.

ஆண்டு பிழை. மச்சாளின் மூன்றாவது படத்தைப் பெருப்பித்துப் பாருங்கள்: ‘விஷு வருஷம் மாசி அமாவாசை’. விஷு 1941 சித்திரையில் பிறந்தது. அதன் மாசி 1942 பெப்ரவரியில் வரும். 1943 மாசி என்றால் அது சித்திரபானு. அமாவாசையும் பொருந்துகிறது: ஆங்கிலேயப் படை சரணடைந்த 1942 பெப்ரவரி 15 சீனப் புத்தாண்டு நாள், அது அமாவாசையை ஒட்டித்தான் வரும். ஆகவே கல்லை எழுதுவித்தவர்கள் விபரம் தெரிந்துதான் எழுதுவித்திருக்கிறார்கள். ஆனால் அவன் அன்றைக்கேதான் செத்தான் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. யப்பான்காரர் தீவில் இறங்கியது 8ஆம் திகதி இரவு. அதற்குப் பிறகு அந்தக் கிழமை முழுக்கச் சண்டை. நாள் தெரியாத வீட்டுக்காரர் சரணடைந்த நாளையே திதியாக எடுத்திருக்கலாம். புதிதாக ஏதாவது எழுதுவதென்றால் பழைய வரியை அப்படியே எழுதி, பக்கத்தில் 1942 என்று மட்டும் போடுங்கள்.

இனிக் கல். அது வெள்ளை மாபிள். வெடித்ததற்குக் காரணம் சுவரில் பிடித்திருந்த இரும்பு ஆணிகள். கடற்காற்றில் இரும்பு கறள் பிடித்தால் பருக்கும், பருத்தால் கல்லை உள்ளிருந்து பிளக்கும். கழற்றியவர்கள் அலவாங்கு போட்டு நெம்பியதில் அந்த வெடிப்பு விரிந்திருக்கிறது.

இப்போதே செய்ய வேண்டியது, கல்லை உள்ளே கொண்டுபோவது. மூன்றடிக்கு இரண்டடி, ஒரு அங்குலத் தடிப்பு என்றால் கிட்டத்தட்ட 38 கிலோ வரும், இரண்டு பேர் வேண்டும். கண்ணாடி தூக்குவதுபோல் நிமிர்த்தித்தான் தூக்க வேண்டும். படுக்கையாகத் தூக்கினால் அந்த வெடிப்பிலேயே இரண்டாகும். நிலத்தில் நேரே வைக்காமல் இரண்டு மரச் சட்டத்தின் மேல், சற்றுச் சாய்த்து வைக்கவும்.

கழுவ மழைத்தண்ணீரும் மெல்லிய தும்புத் தூரிகையும் போதும். எங்கள் பக்கக் கிணற்றுத் தண்ணீர் உவர், அந்த உப்புக் கல்லுக்குள் இறங்கிக் காயும்போது மேற்பரப்பை உதிர்க்கும். தரை ஓட்டுக்குப் பாவிக்கிற அசிட்டைக் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது. மாபிளும் சுண்ணக்கல் சாதிதான், அசிட் பட்ட இடம் கரைந்து எழுத்தின் விளிம்பு போய்விடும். எனாமல் பெயின்ற் எடுத்து எழுத்தை நிரப்புகிற வேலையும் வேண்டாம். எழுத்துகளில் பதித்திருந்த ஈயம் விழுந்த இடங்களில் சிறிய துளைகள் இருக்கும், அவற்றை வைத்தே எழுத்தைக் கண்டுபிடிக்கலாம். இரவில் ரோச் லைற்றைப் பக்கவாட்டில், கல்லோடு ஒட்டினாற்போல் பிடித்துப் படம் எடுத்தால் பகலில் தெரியாததும் தெரியும்.

திரும்பப் பதிக்கும்போது 316 தர ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் பிடிகள். கீழே இரண்டு பாரத்தைத் தாங்க, மேலே இரண்டு விழாமல் பிடிக்க. உடைந்த மூலைக்கு மட்டும் எப்பொக்சிப் பசை. பின்னால் காற்றுப் போக அரை அங்குல இடைவெளி. மேசன் சீமெந்து போட்டு முழுக்க அப்பத்தான் பார்ப்பார், விடக்கூடாது. சீமெந்தின் உப்பு மாபிளில் மஞ்சள் கறையாக முன்பக்கம் வரும், பிறகு ஒருநாளும் உடையாமல் கழற்ற முடியாது.

—

அனுப்புநர்: பொருளாளர், ரொறன்ரோ

கல்லைக் கழற்றச் சொன்னது யார் என்று கூட்டக் குறிப்பில் இல்லை. திருத்த வேலைக்கு அனுப்பிய காசில் ‘முன்சுவர்’ என்று ஒரே வரி. கூலி எவ்வளவு, சாமான் எவ்வளவு, பற்றுச்சீட்டு எங்கே? தேர்முட்டிக் கணக்கின் மிச்சமும் இன்னும் வந்து சேரவில்லை. கருங்கல்லுக்கு ஒரே ஒரு விலைதான் எடுத்திருக்கிறார்கள், அதுவும் எழுத்துக்கு வேறு, முகத்துக்கு வேறு, ஏற்றுக்கூலி வேறு என்று பிரிக்காமல். மூன்று இடத்தில் எழுத்தில் விலை வரும்வரை ஒரு சதமும் விடமாட்டேன். பிடி, எப்பொக்சி, இரண்டு நாள் கூலி என்றால் கையிருப்பிலேயே முடியும், யாரிடமும் சேர்க்கத் தேவையில்லை.

—

அனுப்புநர்: பெரியவளவு, சூரிச்

பொருளாளர் அண்ணைக்கு எங்கட வீட்டு விசயம் எண்டால்தான் பற்றுச்சீட்டு ஞாபகம் வரும். கிணத்தடிப் பாதைக்கு ஆர் காணி விட்டது எண்டதை இஞ்ச எழுத விரும்பேல்லை.

ஆனால் ஒண்டு சொல்லவேணும். வரைவில இருக்கிற முகம் அவரின்ர இல்லை, அவரின்ர தம்பியின்ர. எங்கட பெரியப்பாவின்ர படம் ஒண்டும் வீட்டில இல்லை, இடப்பெயர்வில எல்லாம் போட்டுது. பிறத்தியாற்ற முகத்தை, அதுவும் சீருடை கீறி, சுவரில போட வேண்டாம். ஊரில பிள்ளையளைக் குடுத்த தாய்மார் எத்தினை பேர் அந்த றோட்டால போய்வருகினம். அவைக்கு ஒரு சுவரும் இல்லை, ஒரு கல்லும் இல்லை. பேர் போதும்.

சிங்கப்பூரில கிராஞ்சிப் போர் நினைவிடத்தில பேர் இருக்கெண்டு அப்பு சொல்லுவார். ஆரும் கண்ணால பார்த்ததில்லை. அதைப் பார்த்துச் சொன்னால் எங்களுக்கு அதுவே பெரிய காரியம்.

—

அனுப்புநர்: கீழ்த்தெருச் சித்தப்பா, ஹரோ

பெரியவளவார் சொன்னது சரி, முகத்தை விடுவோம்.

கிராஞ்சியில் தேடுவது பற்றி. அங்கே கல்லறை இல்லாதவர்களின் பெயர்கள் 24,000க்கு மேல், நினைவுத் தூண்களில் வெட்டப்பட்டிருக்கின்றன. முதலில் படைப்பிரிவு, பிறகு பதவி, அதற்குள் எழுத்து வரிசை. நேரே போய்த் தேடினால் பொழுதுதான் போகும். பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பெயரைத் தேடினால் தூண் எண் கிடைக்கும். தூணில் திகதி இருக்காது, திகதி பதிவேட்டில்தான்.

எங்கள் பெயரில் தகப்பன் பெயர் முன்னுக்கு வருவதால் எழுதுநர்கள் எதைக் குடும்பப் பெயராக எடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. தகப்பன் பெயரில் ஒருமுறை, தன் பெயரில் ஒருமுறை, ‘பிள்ளை’யை வெட்டிவிட்டு ஒருமுறை தேடுங்கள். பெயரில் வரும் ‘வே’ ஆங்கிலத்தில் V, W இரண்டு எழுத்திலும் தொடங்கலாம். படைப்பிரிவிலும் இரண்டு பார்க்க வேண்டும்: நீரிணைக் குடியேற்றங்களின் தொண்டர் படை ஒன்று, மலாய்க் கூட்டு நாடுகளின் தொண்டர் படை மற்றது. அவன் முதலில் வேலை பார்த்தது ரயில்வேயில். அந்த வேலையில் நின்றபடியே செத்திருந்தால் தூணில் வராது, பொதுமக்கள் பட்டியல் தனி.

எழுத்துப் பிழையோடு இருந்தால் திருத்தக் கேட்கலாம். அந்தக் காலத்துப் பத்திரம் வேண்டும்: பிறப்புச் சான்று, படையில் சேர்ந்த கடிதம், வீட்டுக்கு வந்த தந்தி. பெரியவளவில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. சூரிச்சில் இருக்கிறதா, மல்லாகத்து அத்தை வீட்டிலா என்று பார்த்து எழுதுங்கள். பெயர் எப்படி வெட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்தபின் சிங்கப்பூர் மருமகன் போய்ப் படம் எடுப்பார். கல்லறை கிராஞ்சி எம்.ஆர்.டி. நிலையத்திலிருந்து நடை தூரம்.

மச்சாள் ஊரில் நிற்கும்போதே கல்லை உள்ளே வைப்பிக்க வேண்டும். வாசிகசாலைத் திறப்பு யாரிடம்?