புதுப்பிப்பு: 16க்கு 1 மல்டிபிளெக்சர் சரியாகிவிட்டது

இரண்டு 74151 சிப்பை (ஒவ்வொன்றும் 8க்கு 1 மல்டிபிளெக்சர், சுருக்கமாக மக்ஸ்) இணைத்து, 16 உள்ளீடுகளில் நாம் தேர்ந்த ஒன்றை மட்டும் வெளியே அனுப்பும் 16க்கு 1 மக்ஸ் செய்தேன், எதைத் தேர்ந்தாலும் எல்.இ.டி. அணையவே இல்லை என்று போன வாரம் கேட்டிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது.

நேற்று குன்னூரில் நல்ல மழை, கரண்ட் இல்லை. டார்ச் அடித்து பிரெட்போர்டைக் குனிந்து பார்த்தால், இரண்டு சிப்பிலும் ஆர் கேட்டுக்கு (இரண்டின் வெளியீட்டையும் சேர்ப்பது, ஏதாவது ஒன்று 1 ஆனாலே 1 தரும்) போகும் ஒயர் 5ஆம் பின்னில் இல்லை, 6இல் இருக்கிறது. அது தலைகீழ் வெளியீடு. சிப்பை இயக்கவும் முடக்கவும் உள்ள எனேபிள் (7ஆம் பின்) 1 ஆகி சிப் முடங்கினால் 5இல் 0 வரும், 6இல் 1 வரும். எந்நேரமும் ஒரு சிப் முடங்கித்தானே இருக்கும்? அப்புறம் ஆர் கேட் எப்படி 0 தரும்!

ஒயரை மாற்றினேன், கரண்ட் வந்ததும் 16 உள்ளீடும் ஒழுங்காக வந்தன. நான்காவது தேர்வுக் கோடு ஒரு சிப்பின் 7ஆம் பின்னுக்கு நேராகவும், மற்றதற்கு இன்வெர்ட்டர் (0ஐ 1 ஆக, 1ஐ 0 ஆக மாற்றும் கேட்) வழியாகவும் போகிறது. 4க்கு 1 மக்ஸ் ஐந்தை அடுக்கச் சொன்ன அண்ணனுக்கு நன்றி. அதில் ஆர் கேட்டே வேண்டாம், அடுத்து அதுதான்.